நமது கதைகளில் குடிகாரனின் மனைவி

2013ஆம் ஆண்டில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். எங்கள் பகுதிச் சிற்றிதழ் ஒன்றில் அது வெளிவந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வள்ளத்தையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு வந்த ஒரு மன்னார் மீனவன், கற்பிட்டி அகதி முகாமில் கசிப்புக்கு அடிமையாகிறான். இருபது வருடங்களின் பின் ஊர் திரும்பி, ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் படியேறுகிறான். அத்துடன் கதை முடிகிறது. நண்பர்கள் பாராட்டினார்கள். அதிபர் காலைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். நானும் மகிழ்ந்துதான் போனேன்.

அக்கதைக்கு மூலமான குடும்பத்தை நான் நன்கறிவேன். அந்த வீட்டுப் பெண் எனக்குச் சாச்சி முறை. (உறவையும் இன்னும் சிலவற்றையும் மாற்றியே எழுதுகிறேன். மன்னார்த் தீவு சிறியது.) அவரது மகள் கதையை உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுவாரம் நான் பாடசாலை விட்டு வரும்போது கடப்படியில் நின்று கூப்பிட்டு, இருக்கச் சொல்லி, பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.

"மகன், கதை நல்லம். அவருட கவலையெல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. அதே தோணியிலதானே நானும் வந்தேன்? எனக்கும் வீடு வாசல் போனதுதானே? நான் குடிச்சேனா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கோபமாகவும் கேட்கவில்லை. சற்று நேரம் பொறுத்து இன்னொன்றும் கேட்டார்.

"அந்தக் கதையில நான் எப்ப மகன் நித்திர கொண்டேன்?"

வீட்டுக்கு வந்து கதையை எடுத்துப் பார்த்தேன். மனைவி நான்கு இடங்களில் வருகிறாள். ஓரிடத்தில் அழுகிறாள். ஓரிடத்தில் காதுப்பூவைக் கழற்றிக் கொடுக்கிறாள். ஓரிடத்தில் துஆ கேட்கிறாள். கடைசியில் வாசற்படியில் நின்று ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறாள். இருபது வருடக் கதையில் அவள் ஓர் இரவேனும் உறங்கியதாக நான் எழுதியிருக்கவில்லை. உறங்கவில்லை என்றும் எழுதியிருக்கவில்லை. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை என்பதுதான் உண்மை. இக்கட்டுரையை எழுதவைத்தது சாச்சியின் அந்தக் கேள்விதான்.

முகாமில் அவர்களது குடிலுக்கு அடுத்த குடில் எங்களுடையது. எனக்கு அப்போது பதினொரு வயது. இடையில் இருந்தது ஒற்றைக் கிடுகுத் தட்டி. அப்பால் நடந்த அனைத்தும் எங்களுக்குக் கேட்கும். காலையில் எவருக்கும் எதுவும் கேட்டிருக்காது. சாச்சி இரவில் படுக்கும்போதும் முந்தானையை இழுத்துச் செருகியபடியே படுப்பார் என்று உம்மா பின்னாளில் சொன்னார். எந்நேரமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டி வரலாம். நிவாரண அரிசியை ஒரே இடத்தில் வைக்கமாட்டார். காசு மிளகாய்த்தூள் போத்தலுக்குள் இருக்கும். ஒழுங்கைமுனையில் செருப்புச் சத்தம் கேட்டதும் இன்றைக்கு எப்படி என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கலியாண வீடுகளுக்குப் போகமாட்டார். போனால், "அவர் வரல்லையா?" என்று எவராவது கேட்பார்கள். இவ்வளவையும் அறிந்த நான்தான் அக்கதையை எழுதினேன். இவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. ஏனென்றால் நான் குடிகாரனின் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கென ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தது. பல நாடுகளிலிருந்து பதினைந்து நிலையங்கள் அதில் பங்குகொண்டன. நமக்கு அயலில் சென்னையும் புதுதில்லியும் அவற்றுள் அடக்கம். சுருக்க வடிவில் 26 கேள்விகள். உடல், உள்ளம், சமூக உறவு, சூழல் என்று நான்கு பிரிவுகளில் அவை அமைகின்றன. போதிய உறக்கம் உண்டா, தேவைக்குப் பணம் உண்டா, அன்றாட வாழ்வில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா, நண்பர்களின் துணை கிடைக்கிறதா என்ற போக்கில் அவை செல்லும். மதுவுக்கு அடிமையானோரின் மனைவியரிடம் இக்கேள்விகளைக் கேட்டுச் செய்யப்பட்ட ஆய்வுகளும் உண்டு. ஆசிரியர் ஆலோசனைப் பயிற்சியொன்றில் இத்தாள் என் கைக்கு வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சாச்சியின் கேள்விதான். எழுத்தறியாத ஒரு பெண் அந்த நிறுவனத்தின் கேள்வியொன்றைத் தன்பாட்டில் கேட்டிருக்கிறார். இலக்கியத்தை வினாக்கொத்தால் அளக்க முடியாது என்று நண்பர்கள் சண்டைக்கு வரக்கூடும். நானும் அளக்கச் சொல்லவில்லை. ஒரு கதையில் வரும் மனைவிக்கு இந்த 26 கேள்விகளில் எத்தனைக்குக் கதையை வைத்தே பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். பல கதைகளில் ஒன்றுக்கும் சொல்ல இயலவில்லை.

இது இன்று நேற்று வந்த குறையன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. பொருட்பாலில், வரைவின்மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது. பத்துக் குறளிலும் யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பகைவர் வருகிறார்கள், சான்றோர் வருகிறார்கள், மறைவாகக் குடிப்பவனை அறிந்து சிரிக்கும் உள்ளூரார் வருகிறார்கள். மகன் குடித்து மகிழ்வதைக் காணப் பொறுக்காத தாய் வருகிறாள். நாணம் என்ற நற்பெண் ஒருத்தியும் உருவகமாக வருகிறாள். அவள் குடிகாரனுக்குப் புறங்காட்டிப் போய்விடுகிறாள். மனைவியை மட்டும் காணவில்லை. நாணத்துக்குப் புறங்காட்டிப் போக ஓரிடம் இருந்தது. வள்ளுவர் மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆண்டுக்கணக்காக அந்த அதிகாரத்தைப் படிப்பித்தும் எனக்கு இது தோன்றவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

நவீன தமிழில் மனைவியின் பெயரையே தலைப்பாக்கி வந்த படைப்பு என்று ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'யைச் சொல்ல வேண்டும். ராஜாஜிக்குக் குடி ஒரு கதைப்பொருள் மாத்திரமன்று. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தியவர். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 ஒக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது தள்ளாத வயதிலும் எதிர்த்தவர். அவர் மறைந்த பின்னர், 1974இல், சிங்கீதம் சீனிவாசராவ் இக்கதையைத் திரைப்படமாக்கினார். ஸ்ரீகாந்தும் லட்சுமியும் நடித்தார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

கருப்பனும் பார்வதியும் அன்பாக வாழ்கிறார்கள். கருப்பன் குடிக்கத் தொடங்குகிறான். கடன் ஏறுகிறது, அவமானமும் ஏறுகிறது, பார்வதி அழிகிறாள். இக்கதை அவளைப் புறக்கணித்தது என்று சொல்லிவிட முடியாது. குடியின் விலையைக் கடைசியில் கொடுப்பவள் யார் என்பதை ராஜாஜி சரியாகவே கண்டிருக்கிறார். அந்தளவில் என் கதையைவிட அது எவ்வளவோ நேர்மையானது. ஆயினும் பார்வதி ஒரு வழக்கின் சாட்சியாகவே நிற்கிறாள். கள்ளுக்கடையை மூடு என்ற வழக்குக்கு அவளது அழிவு தேவைப்படுகிறது. அவள் அழியாமல், அரைகுறையாக, இருபது வருடம் அந்த வீட்டிலேயே சோறாக்கிக்கொண்டு வாழ்ந்திருந்தால் வழக்குப் பலவீனப்பட்டிருக்கும். ஆனால் நான் கண்ட பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். 'திக்கற்ற' என்ற அடைமொழியும் எனக்கு இடறுகிறது. சாச்சிக்குத் திக்கு இல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அன்றாடம் பத்து யோசனை இருந்தது. காசை எங்கே வைப்பது, பிள்ளையை யார் வீட்டில் படுக்கவைப்பது, கடைக்காரரிடம் இன்று எந்த முகத்தோடு கடன் கேட்பது என்ற யோசனைகள்.

பார்வதிக்கு நேரெதிர்த் திசையில் நிற்பவர்கள் பாமாவின் 'சங்கதி' (1994) காட்டும் பெண்கள். குடித்துவிட்டு அடிக்கவரும் கணவனைத் தெருவில் வைத்தே வாயால் விரட்டும் பெண் அங்கே இருக்கிறாள். அவளது வசவு இலக்கியத்துக்குத் தகுமா என்று அந்நாளில் சிலர் முகஞ்சுளித்தார்கள். அடி விழாமல் தடுக்க அவளிடமிருந்த ஒரே ஆயுதம் அதுதான் என்பதைப் பாமா விளங்கி எழுதினார். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) மன்னார் வளைகுடாவின் மறுகரையில், மணப்பாட்டுக் கிறிஸ்தவ மீனவர் வாழ்வைச் சொல்வது. குடி அங்கே உப்புக்காற்றுப் போல எல்லார் வீட்டிலும் புகுந்து கிடக்கிறது. நல்ல நாவல். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இனி நமது பக்கம். எங்கள் தீவில் கத்தோலிக்கக் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. அயற்கிராமத்தில் கள்ளுத் தவறணை இருக்கும். அதை எவரும் மறைப்பதில்லை. குடிகாரனின் மனைவி பங்குத்தந்தையிடம் போய் முறையிடுவாள், கிணற்றடியில் சொல்லி அழுவாள், தேவைப்பட்டால் சத்தமும் போடுவாள். அதனால் அடி குறைந்துவிடும் என்றில்லை. ஆனால் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நமது கிராமத்தில் தவறணை இல்லை. எனவே குடிகாரன் இல்லை. குடிகாரன் இல்லாத ஊரில் குடிகாரனின் மனைவி எங்கிருந்து வருவாள்? மது ஹராம் என்பதில் நம்மில் எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களோடு அது முடிந்த விடயம். ஆனால் ஹராம் என்று சொல்லிவிட்டதாலேயே அது நம்மிடம் இல்லை என்று எழுத்தாளனும் நம்பத் தொடங்கினால், ஹராமான ஒன்றின் விளைவை அனுபவிப்பவள் கதைக்கு வெளியே போய்விடுகிறாள். முகாமில் சாச்சி தன் கணவரைப் பற்றிச் சொன்ன ஒரே சொல் "அவருக்குச் சொகமில்ல" என்பதுதான். மார்க்கம் அறிந்த வீடு என்ற பெயரைக் காக்க வேண்டியிருந்தது. அந்தக் காவலையும் அவரே செய்தார்.

நமது நாவல்களில் குடிகாரனின் வீட்டுக்கு மிகக் கிட்ட வருவது, என் வாசிப்பில், தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'. 1997இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற நாவல். தேங்காப்பட்டணத்துப் பழைய பெருவீட்டில் முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நாவுக்கு ருசியும் உடலுக்குச் சுகமும் தேடி வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்கிறார். பெண்களை அடிப்பதற்கென்றே அந்தக் குடும்பத்தில் அதபுப் பிரம்பு என்று ஒன்று வழிவழியாக இருக்கிறது. இது குடியைப் பற்றிய நாவலன்று. ஆனால் பொருள் பொருளாக வீடு கரைவதும், இன்று எது போகும் என்று மனைவி பார்த்திருப்பதும், வெளியே குடும்பப் பெருமை குறையாமல் நிற்பதும் குடிகாரன் வீட்டுச் சங்கதிகளே. மீரான் அடிமைத்தனத்தை எழுதிவிட்டார். சாச்சி ஒருநாள் இதைக் கேட்டிருந்தால் தன் வீட்டை அடையாளம் கண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆயினும் நாவலின் நாற்காலியில் இருப்பவர் முஸ்தபாக்கண்ணுதான். வாசகனும் அவரோடுதான் சாய்ந்திருக்கிறான். சமையற்கட்டிலிருந்து அதே நாவலை எவரேனும் எழுதினால் அது வேறொரு புத்தகமாகும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வந்தபோது அப்படியான கதவொன்று திறந்தது. அந்நாவல் பற்றி நமது வட்டத்தில் நடந்த பேச்செல்லாம் எழுதியவரின் துணிச்சலைப் பற்றியதாகவே போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

இவ்விடயத்தை நமது எழுத்தாள நண்பர் ஒருவரிடம் பேசியபோது, "இதையெல்லாம் எழுதி நாமே நம்மைக் காட்டிக்கொடுக்க வேண்டுமா? வெளியேற்றப்பட்ட சனம், ஏற்கனவே நொந்து கிடக்கிறது" என்றார். அவரது வருத்தம் எனக்குப் புரியும். நானும் அந்தச் சனம்தான். ஆனால் கணவனைப் பற்றிய ஒரு பெண்ணின் முறைப்பாட்டோடுதான் அல்குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. தர்க்கித்த அப்பெண் கவ்லா பின்த் தஃலபா (ரழி). அவரது முறைப்பாடு கேட்கப்பட்டது, பதிலும் இறங்கியது. அத்தியாயத்துக்கே முஜாதலா என்று பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் கலீபா உமர் (ரழி) வழியில் நின்று அந்த மூதாட்டிக்குச் செவிசாய்த்த சம்பவத்தை ஜும்ஆக்களில் கேட்டுத்தான் வளர்ந்தோம். முறையிட்டதனால் அவர் சமூகத்தைக் காட்டிக்கொடுத்ததாக எவரும் சொன்னதில்லை.

மனைவிக்குப் பேச்சில்லாமல் போனது நமது குறை மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் இயக்கம் 1939இல் தனது நூலை வெளியிட்டது. அதில் மனைவியருக்கென ஓர் அத்தியாயம் உண்டு. மனைவியரே பேசுவது போன்ற நடையில் எழுதப்பட்டது. எழுதியவரோ கணவர், இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன். அவரது மனைவி லோயிஸ் தானே எழுத விரும்பியும் இடம் கிடைக்கவில்லை. அந்த மனத்தாங்கல் அவருக்கு நெடுநாள் இருந்தது. 1951இல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனொன் அமைப்பை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். வைத்திய உலகமும் சும்மா இருக்கவில்லை. 1953இல் வேலன் என்ற சமூகசேவையாளர் குடிகாரரின் மனைவியரை நால்வகையாகப் பிரித்து, துன்பப்படும் சூசன், அடக்கியாளும் கத்தரின் என்ற கணக்கில் பட்டப்பெயர் சூட்டினார். கணவன் குடிப்பதற்கு மனைவியின் குணமே காரணம் என்று பொருள்படும் ஆராய்ச்சி அது. நமது ஊர்க் கிழவிகளும் அதைத்தான் சொல்வார்கள், பட்டப்பெயர் மட்டும் வேறு. மறுவருடமே ஜோன் ஜக்சன் என்ற ஆய்வாளர் மனைவியரைப் பேசவிட்டுக் கேட்டு, அக்குடும்பங்கள் ஏழு கட்டங்களைக் கடப்பதாக எழுதினார். ஏழாவது கட்டம், கணவன் குடியை விட்ட பின்னர் வருவது. வீட்டை இவ்வளவு காலமும் தனியே நடத்தியவள் திரும்பவும் அவரிடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்று திண்டாடும் கட்டம். என் கதை அதற்கு முன்னரே, பள்ளிவாசல் படியில், முடிந்துவிட்டது. சாச்சியின் கணவர் குடியை விட்டு ஆறு வருடம் இருந்து மௌத்தானார். அந்த ஆறு வருடமும் செருப்புச் சத்தம் கேட்டால் சாச்சி எழுந்து உட்காருவார்.

மனைவியே சொல்லும் கதை ஒன்றும் உலகில் இல்லையா என்று தேடியபோது ஆன் புறொண்டியின் 'த டெனன்ட் ஒஃப் வைல்ட்ஃபெல் ஹோல்' (1848) கிடைத்தது. ஆங்கிலத்தில் அகராதியோடு மூன்று மாதம் படித்தேன். ஹெலன் தனது நாட்குறிப்பில் குடிகாரக் கணவனோடு வாழ்ந்த வருடங்களை எழுதுகிறாள். மகனும் அந்த வழிக்குப் பழக்கப்படுவதைக் கண்டு அவனை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறாள். படம் வரைந்து விற்று, வேறு பெயரில் வாழ்கிறாள். மணமான பெண்ணுக்குத் தன் உழைப்பின் மீதே உரிமையில்லாத சட்டம் நிலவிய இங்கிலாந்து அது. ஆன் இறந்த பின்னர் அவரது சொந்தச் சகோதரி ஷார்லட்டே அந்நாவலை மறுபதிப்புச் செய்ய விரும்பவில்லை. அக்கதைப்பொருளைத் தெரிந்தது தவறு என்று கருதினார். அவர்களது சகோதரன் பிரான்வெல் குடியால் சீரழிந்து அந்த 1848இலேயே மறைந்திருந்தான். "சொகமில்ல" என்று சொல்லும் வீடு இங்கிலாந்திலும் இருந்திருக்கிறது.

தமிழில் இதை எழுத ஆளில்லையே தவிர வாழ்க்கை இல்லாமலில்லை. சென்னையில் டி.டி.ரங்கநாதன் என்ற இளைஞர் 1979இல் குடியால் இறந்தார். முன்னாள் இந்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன். அவரது மனைவி சாந்தி ரங்கநாதன் மறுவருடமே கணவர் பெயரில் சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே குடிப்பவருக்குச் செய்யும் சிகிச்சையோடு குடும்பத்தாருக்கென்றும் தனியே சிகிச்சை உண்டு. வசதியான வீட்டுப் பெண் என்பதால் முடிந்தது என்பார்கள். உண்மைதான். சாச்சிக்கு மருத்துவமனை கட்ட முடியாது. ஆயினும் கணவன் செத்ததோடு கதை முடிந்தது என்று எண்ணாத ஒரு பெண் நிஜத்தில் இருக்க, நமது புனைகதை அப்படியொருத்தியைக் கற்பனையிலும் காணவில்லை. நமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்து இவ்வளவு காலமாகியும், அதன்கீழ் நீதவான் நீதிமன்றப் படியேறும் ஒரு பெண்ணையோ, பஸஹ் கேட்டுக் காதியார் முன் அமர்ந்திருக்கும் குடிகாரன் மனைவியையோ நான் வாசித்த நமது சிறுகதைகளில் சந்திக்கவில்லை. எவரேனும் எழுதியிருந்தால் எனக்கு அறியத் தாருங்கள்.

நான் அக்கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். சாச்சியிடம் அனுமதி கேட்டபோது, "அவர் மௌத்தாகிட்டாரே, இனி என்ன" என்றார். பிறகு மூன்று பின்னேரங்கள் இருந்து நேரம் நேரமாகச் சொன்னார். மஃரிபுக்குப் பின் என்ன, இஷாவுக்குப் பின் என்ன, பன்னிரண்டு மணிக்கு என்ன என்று. சென்ற மாதம் பாதிப் பிரதியை மகள் வாசித்துக் காட்டினாள். நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பிவிளக்கை அணைக்கும் இடம், பிள்ளை விழித்து அழும் இடம். சாச்சி கையைக் காட்டி மகளை நிறுத்தினார்.

"அந்த இடத்தில புள்ள அழல்ல மகன். அவன் அழமாட்டான். வாயில கையை வச்சிக்கிட்டு என்னையே பார்த்திட்டு இருப்பான்."

பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினேன். மகள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.